பைக்குள் மரக்கட்டை

விதிப்படி முதலில் இறக்குமதி அனுமதி, பிறகு கேமரா, கடைசியில்தான் பை. அப்பா தலைகீழாகச் செய்தார். கழக்கூட்டம் ஊரில் உள்ள வீட்டில் என் பேரன் புதுக் கேமராப் பையைத் திறந்தபோது வந்த தோல் வாசனையில் எனக்கு 1951 ஞாபகம் வந்தது. அப்போது எனக்கு ஏழு வயது.

கொழும்பு மாமா ஒரு கேமரா வாங்கிவைத்து, அதன் அளவை எழுதியிருந்தார். அப்பா அனுமதிக்கு விண்ணப்பித்த கையோடு, ஆசாரியிடம் அதே அளவில் ஒரு மரக்கட்டை செய்து வாங்கினார். ஆரியசாலைக் கடைத்தெருவின் பைக்கடையில் ஒவ்வொரு பையிலும் அதை வைத்து, ஆடுகிறதா என்று குலுக்கிப் பார்த்தார்.

"கேமரா எங்க அண்ணாச்சி?" என்றார் கடைக்காரர்.

"வருது வே. முதல்ல பை பழகட்டும்."

விறைத்த தோலில் தேங்காயெண்ணெய் தடவி, கட்டையோடு தோளில் மாட்டிக்கொண்டு தினமும் மாலையில் நடந்தார். எதிரே வந்தவர்கள் தலையைக் கோதிக்கொண்டார்கள்.

"சாரே, ஒரு படம்!" என்றார் பால்காரர்.

"வெளிச்சம் பத்தாது" என்றார் அப்பா, முகம் மாறாமல்.

"கட்டைக்கு ஊர்வலமா?" என்று அம்மா சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. முதல் படம் எனக்கென்று அப்பா சொல்லியிருந்தார். தோல் மெத்தென்று ஆன அன்று பட்டுப்பாவாடை கட்டிக்கொண்டு முற்றத்தில் நின்றேன். அவர் கட்டையை எடுத்துக் கண்ணருகே தூக்கினார்.

"அனங்காம நில்லு மக்களே."

மூச்சை அடக்கிக்கொண்டேன். என் உருவம் அந்தக் கட்டைக்குள் பதிந்தது என்று இன்றும் பாதி நம்புகிறேன்.

கேமராவுக்கு அனுமதி இல்லை, தோல் பை ஒன்று வரவழைத்துக்கொள்ளலாம் என்ற அரசாங்கப் பதில் 1955ஆம் ஆண்டு விஷுப் பண்டிகைக்கு மறுநாள் வந்தது.