எல்லா அலையும் ஒரே வேகம்தான், அண்ணாத்த

கண்ணுக்குத் தெரியாத ஒன்றைச் சுவரில் மாட்டிவிட்டு, அது வேகமாக ஓடவில்லை என்ற புகாருக்கும் போய் நிற்பதுதான் வைஃபை மாட்டுகிறவன் பிழைப்பு. ஏணியைப் பைக்கில் கட்டிக்கொண்டு அலையும் உங்களுக்கு இதைச் சொல்லவே வேண்டாம்.

முட்டுக்காட்டிலிருந்து நெம்மேலி வரை என் லைன். கடற்காற்று, மதியம் கோவளத்தில் மீன் சாப்பாடு. இந்த வேலை எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஒரே குறை, நான் படித்தது இயற்பியல். அலையைப் பற்றி யாராவது தப்பாகச் சொன்னால் என் வாய் சும்மா இருக்காது.

பெயர் ரெண்டு, வேகம் ஒன்று

முட்டுக்காட்டில் வேன் ஓட்டும் ஏகாம்பரம், மாடியில் படம் நின்று நின்று வருகிறது என்று கூப்பிட்டார். வைஃபைக்கு இரண்டு அலைவரிசை உண்டல்லவா, 2.4, 5 என்று? ஐந்துதான் வேகமாக ஓடும் என்று அதையே பிடித்துக்கொண்டிருந்தார். நான் 2.4-க்கு மாற்றினேன், படம் சீராக ஓடியது. அதோடு கிளம்பியிருக்கலாம். ரெண்டு அலையும் ஒரே வேகம்தான் அண்ணாத்த, ரேடியோ, எக்ஸ்ரே, மாமல்லபுரம் லைட் ஹவுஸ் வெளிச்சம் எல்லாமே அதே வேகம்தான், அந்த ஐந்து தகவல் சுமையை அதிகம் தூக்கும், ஆனால் சுவரைக் கண்டால் சோர்ந்துவிடும் என்று பாடம் எடுத்தேன்.

பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "ரெண்டும் ஒரே வேகம்னா இன்னாத்துக்கு ரெண்டு? ஒண்ண கழட்டி எடுத்துகினு போ."

நான் கழற்றவில்லை என்று சாயங்காலமே ஆபீசுக்குப் புகார் போனது. மேனேஜர் போனில், இனி வீடுகளில் பாடம் நடத்தக் கூடாது, இப்படியே புகார் வந்தால் செங்கல்பட்டு குடோனுக்கு மாற்றிவிடுவேன் என்றார். அந்தத் தகரக் கொட்டகைக்கு ஜன்னல்கூடக் கிடையாது.

பீரோவுக்குள் வைஃபை

அடுத்து நெம்மேலியில் ஸ்டெல்லா அக்கா வீடு. உப்புக்காற்றில் எல்லாம் துருப்பிடிக்கிறதே என்று, வைஃபை பெட்டியை இரும்பு பீரோவுக்குள் வைத்துப் பூட்டியிருந்தார். கதவிடுக்கில் நெருக்கியடித்து வருவதால்தான் அலை மெதுவாக வருகிறதா என்று கேட்டார். அலை மெதுவாகாது, இரும்பு அதைத் தடுத்துவிடும். சொல்லத் துடித்தேன். குடோன் ஞாபகம் வந்தது. வாயை மூடிக்கொண்டு பெட்டியை வெளியே எடுத்து திறந்த அலமாரித் தட்டில் வைத்தேன். சிக்னல் வீடெங்கும் வந்தது.

அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தார்: "கேட்டா பதிலே இல்ல. வேல தெரியாத ஆள அனுப்பிகீறாங்க."

அதுவும் புகாராகப் போனது. இன்னும் ஒன்று வந்தால் குடோன்தான் என்று மேனேஜர் முடிவாகச் சொல்லிவிட்டார்.

பக்கத்துக் கடைச் சத்தம்

கோவளத்தில் யூசுப் பாய் டீக்கடை டிவி நம் இணைப்பில் ஓடுகிறது. பக்கத்து டீக்கடையில் கூரைமேல் டிஷ். கிரிக்கெட் நாளில் அங்கே கத்தி முடித்த பிறகுதான் இங்கே பந்தே போடுவார்கள். ஆட்கள் கிளாசோடு அங்கே நகர்ந்தார்கள். வேகமான அலையாகப் பார்த்து மாட்டு என்றார் பாய்.

பேசினாலும் புகார், பேசாவிட்டாலும் புகார். உண்மையையே சொன்னேன். வேகத்தில் குறையில்லை பாய், நம் படம் வழியில் தங்கித் தங்கி வருகிறது, ரோட்டில் பறக்கிற பஸ் ஸ்டாப்புக்கு ஸ்டாப் நிற்கிற மாதிரி. டிஷ்ஷுக்கு வருவது விண்வெளிவரை போய்த் திரும்பினாலும் அவ்வளவு நிற்பதில்லை. இதை என்னால் சரிசெய்ய முடியாது என்றேன்.

"மேல போய் வர்றவன் மொதல்ல வந்துட்டான். கிட்ட கீறவனுக்குத்தான் சோம்பல் ஜாஸ்தி," என்றார். மேட்ச் முடியட்டும், ஆபீசுக்குப் போன் போடுகிறேன் என்றும் சொன்னார். இது மூன்றாவது புகார், குடோன்தான் என்று ஏணியைப் பைக்கில் கட்டிக்கொண்டு கிளம்பினேன்.

மறுநாள் மேனேஜர் கூப்பிட்டார். குரலில் ஒரே குழப்பம். பாய் போன் செய்தது உண்மைதானாம். பக்கத்துக் கடையில் ஆரவாரம் கேட்டால் இங்கே "இப்ப சிக்ஸர் பாரு", உச்சுக்கொட்டினால் "அவுட்டு பாரு" என்று பாய் முன்கூட்டியே குறி சொல்ல ஆரம்பித்திருக்கிறார். அந்த வேடிக்கைக்காகவே டிஷ் கடைக் கூட்டமும் இங்கே வந்துவிட்டதாம். பாய் சொன்னதை மேனேஜர் அப்படியே ஒப்பித்தார்:

"அந்தத் தம்பியவே அனுப்புங்க சார். வேற எவனாச்சும் வந்து வேகமாக்கி வுட்டுட்டா என் பொழப்பு போயிடும்."

ஒளியின் வேகத்தில் வேலை பார்க்கிற இந்தத் தொழிலில், ஒரு பந்து தாமதமாக வந்ததால்தான் நான் இன்னும் கடற்காற்று வாங்கிக்கொண்டிருக்கிறேன்.