சுயம்பு இல்லை அந்தப் பிள்ளையார்

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருடம் தள்ளிப்போட்டேன். எட்டாவதோடு நின்றவன் நான். சாமி குத்தம் ஆகிவிடுமோ என்ற பயம் வேறு.

தருமபுரியில் எங்கள் தெரு முனையில் நகராட்சியின் காலி இடம் இருந்தது. வீடில்லாதவர்கள் தங்க விடுதி கட்டப்போவதாக அங்கே பலகை வைத்தார்கள். பஸ் ஸ்டாண்டில் படுத்துக்கிடந்த ஒரு அம்மா, எங்கள் மாரியம்மன் கோயில் வாசலைத் தினமும் கூட்டுபவர், அதைப் படித்துச் சொல்லும்படி என்னைக் கேட்டார்.

"பொம்பளைங்களுக்குத் தனி ரூமு உண்டுங்களா சாமி?"

"உண்டுன்னு போட்டிருக்குதுங்கம்மா."

"கதவு இருக்குமுங்களா? உள்பக்கம் தாப்பா போடற மாதிரி?"

அன்று சாயங்காலம் தெரு ஆட்கள் கோயிலில் கூடினோம்.

"வயசுப் புள்ளைங்க இருக்கற தெருவுங்க இது. கண்டவனும் வந்து படுப்பான்," என்றார் பக்கத்து வூட்டுக்காரர். "ஒயின்ஷாப்புக்கே கோயில்ல இருந்து இவ்வளவு தூரம்னு சட்டம் இருக்குது. இதுக்கு இல்லாம போவுமா?"

கொத்தனார் டேப்பை வாங்கி அளந்தோம். கோயில் வாசலில் முனையைப் பிடித்தவன் நான். விடுதி இடம் அந்தச் சட்டத் தூரத்தையும் தாண்டி எட்டத்தில் இருந்தது.

"அம்மன் நகர மாட்டா. அவ புள்ளைய நகத்தலாமுல்ல?" என்றார் ஒருவர். எல்லோரும் சிரித்தோம். சிரிப்போடு முடிவாகிவிட்டது.

மறுநாள் சிற்பி பட்டறையிலிருந்து பிள்ளையாரை என் வண்டியில் வைத்துக் கொண்டுவந்து அந்தக் காலி இடத்தில் இறக்கினேன். அருகம்புல் சாத்திக் கற்பூரம் காட்டியதும் நான்தான். அந்த அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டு சுண்டலுக்குக் கை நீட்டினார்.

"கட்டடத்துக்குப் பூசைங்களா சாமி?"

நான் அவர் கையில் சுண்டலை அள்ளி வைத்தேன்.

அப்புறம் வந்த நகராட்சி அதிகாரி பிள்ளையாரைப் பார்த்துச் செருப்பைக் கழற்றினார். "நீங்க சொல்ற மாதிரி சட்டமே இல்லைங்க. ஆனா இந்தச் சாமிய எடுன்னு யாருங்க கையெழுத்துப் போடுவாங்க?"

விடுதி ஊருக்கு வெளியே பைபாஸ் தாண்டிப் போனது. அவ்வளவு தூரம் நடக்க அந்த அம்மாவுக்குக் கால் வரவில்லை. பிள்ளையார் மேடை ஓரமாகப் படுக்க ஆரம்பித்தார். சுத்தம் போச்சு என்று சுற்றிலும் கம்பி அடைத்துக் கதவு போட்டோம். சாவி என்னிடம். அதற்குப் பிறகு அவர் வாசல் கூட்டவும் வரவில்லை. நான் தேடிப் போகவும் இல்லை.

இப்போது அந்தப் பிள்ளையார் மண்ணிலிருந்து தானாக முளைத்தவர் என்கிறார்கள். கம்பைநல்லூரிலிருந்துகூடக் கும்பிட வருகிறார்கள். நான் கதவைத் திறந்துவிடுகிறேன்.

இதை யாரிடமாவது சொன்னால் இருக்கிறபடியே சொல்லுங்கள். என் வண்டியில் வந்த பிள்ளையார் அவர். அந்த அம்மா தாழ்ப்பாள் கேட்டதை மட்டும் விட்டுவிடாதீர்கள்.