பாலம்மா பேர் பதிந்த சங்கம்

எங்கள் கல்லூரியைப் பற்றி எழுத வருகிறவர்கள் எல்லாரும் பிரின்சிபல் துரையைப் பற்றித்தான் கேட்கிறார்கள். அவர் எங்கே படித்தார், என்ன தொப்பி போட்டார், எந்த நாயை வளர்த்தார் என்று கேட்டுவிட்டு, ஒரு தேத்தண்ணியும் குடித்துவிட்டுப் போய்விடுகிறார்கள். பாலம்மாவைப் பற்றி ஒருத்தராவது கேட்டதில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. கூட்டுகிற பொம்பிளைதானே என்ற நினைப்பு. கூட்டுகிற பொம்பிளைதான், யார் இல்லை என்றது? ஆனால் கிரேக்க எழுத்துப் போட்ட ஒரு சங்கத்துக்குத் தலைவியாக இருந்த கூட்டுகிற பொம்பிளை அவள் ஒருத்திதான். அதற்குச் சாட்சி நான். அந்தச் சங்கத்தில் நானும் ஒரு சகோதரி.

சிரித்து முடித்துவிட்டுக் கேளுங்கள்.

என் பேர் நளீர். கெலிஓயாக்காரன். கண்டிக்கு மேலே மலையில் இருந்த அந்தக் கல்லூரியில் இருபத்திரண்டு வருஷம் கிளாக்கராக இருந்தேன். வார நாட்களில் ஆபீசுக்குப் பின்னாலிருந்த அறையிலேயே படுத்துக்கொள்வேன். சனிக்கிழமை பின்னேரம் ரயிலேறி வீட்டுக்குப் போவேன். நான் எங்கே படுத்தேன் என்பது பிறகு பெரிய விஷயமாகிவிட்டது, அதனால்தான் சொல்கிறேன்.

துரை அமெரிக்காவில் இரண்டு வருஷம் படிப்பித்துவிட்டு எங்களிடம் வந்தவர். அங்கே பெரிய கல்லூரிகளில் மாணவர்கள் சகோதர சங்கம் வைத்துக்கொள்வார்களாம். ஒவ்வொரு சங்கத்துக்கும் கிரேக்க எழுத்து மூன்றுதான் பேராம். சேர்ந்தவன் சாகும்வரை சகோதரனாம். 1927ஆம் வருஷம் அவர் அதை இங்கேயும் தொடக்கினார். எங்களிடம் இருந்தது நூற்றுப்பத்துப் பொடியன்மார். மூன்று வருஷத்துக்குள் அவர்களுக்கு ஏழு சங்கம். ஒரே அறையில் படுக்கிற இரண்டு பேர் வேறு வேறு சங்கமென்றால் ஒருவனுக்கு மற்றவன் சீப்புக்கூடக் கொடுக்க மாட்டான். இதற்குப் பேர் சகோதரத்துவம்.

சங்கங்களைச் சேர்ப்பதற்குத் துரை ஒரு விதிப்புத்தகம் எழுதினார். டைப் அடித்தவன் நான் என்பதால் இன்றைக்கும் மனப்பாடம். புதிய சங்கம் வேண்டுமென்றால் கல்லூரி வேலிக்குள் வசிக்கும் பத்துப் பேர் கையெழுத்து வைக்க வேண்டும். குழு ஒப்புக்கொண்டால் சங்கத்துக்கு ஓர் அறை கொடுக்கப்படும். ஒரு வருஷம் பொறுத்து, வருஷம் முடிகிற அன்று பத்துப் பேரையும் நேரில் நிறுத்தி எண்ணுவார்கள். எண்ணிக்கை சரியென்றால் சங்கம் நிரந்தரம். குறைந்தால் அன்றோடு சரி. விதி ஒன்பது, சேர்ந்தவர் தானாக நேரில் வந்து கேட்டாலொழிய அவர் பேரை வெட்டக் கூடாது. விதி பத்து, ஒரு சங்கம் பாவிக்கிற எழுத்தை இன்னொரு சங்கம் பாவிக்கக் கூடாது.

பத்தாம் விதியை எழுதும்போது துரை எழுத்துகளை எண்ணிப் பார்க்கவில்லை.

எண்ணிப் பார்த்தவர் திருச்செல்வம். அவர் யாழ்ப்பாணத்தார், கணக்கு வாத்தியார். குழுவில் துரைக்கு அடுத்தது அவர்தான். நான் கூட்டக் குறிப்பு எழுதுகிறவன். குழு என்பது நாங்கள் மூன்று பேரும் உட்காருகிற மூன்று கதிரையும்தான். 1930ஆம் வருஷம் ஒரு கூட்டத்தில் அவர் சுவரில் தொங்கிய கிரேக்க எழுத்துப் படத்தைப் பார்த்தபடி சொன்னார்.

"இருபத்துநாலு எழுத்துக் கிடக்கு. மூண்டாலை பிரிச்சா எட்டுச் சங்கம். ஏழு முடிஞ்சுது. இன்னும் ஒண்டுக்குத்தான் இடம். அதோடை கல்லூரி நிறைஞ்சு போச்சு."

துரையின் முகம் விழுந்துவிட்டது. அறை இருக்கிறது, பிள்ளைகள் இருக்கிறார்கள், எழுத்து இல்லை.

மிஞ்சியிருந்த மூன்றும் யாரும் தொடாமல் விட்ட எழுத்துகள். ஒன்று, ஒன்றின் கீழ் ஒன்றாக மூன்று கோடு. அடுத்தது வட்டம், பரீட்சையில் முட்டை விழும் என்று பொடியன்மார் அதைப் பயந்து ஒதுக்கினார்கள். மூன்றாவது, மேலே மூன்று முனையும் கீழே ஒரு காம்பும். இதன் பேரைச் சொல்லப் போனால் எச்சில் தெறிக்கும்.

அந்தக் கடைசி இடத்தைக் கேட்டு முதலில் வந்தவள் ஸக்கியா. கண்டி டவுனில் மருந்துக்கடை வைத்திருந்தவரின் மகள். கல்லூரியில் இருந்ததே மூன்று பெண் பிள்ளைகள்தான், மூவரும் விடுதியில். தங்களுக்கும் ஒரு சகோதரிகள் சங்கம் வேண்டுமென்று எழுதிக் கொண்டுவந்தாள்.

"நளீர் நானா, பத்துப் பேரு வேணுமாமே. நாங்க மூணு பேருதானே ஈக்கிறோம்" என்றாள். அண்ணனை நானா என்பது எங்கள் வழக்கம்.

நான் விதிப்புத்தகத்தைத் திருப்பி அவள் பக்கம் வைத்தேன். மாணவர் என்று அதில் எங்கேயும் இல்லை. வேலிக்குள் வசிக்கும் பத்துப் பேர் என்றுதான் இருந்தது. என் வேலை விதியைக் காட்டுவது. காட்டினேன். அவள் கெட்டிக்காரி, நேரே குசினிப் பக்கம் போனாள். சோறு வடிப்பவர், பாத்திரம் கழுவுபவர், துணி துவைப்பவர், துரை பங்களா ஆயா என்று ஆறு பேரைப் பிடித்தாள். ஏழாவதாகப் பிடித்தது பாலம்மாவை.

பாலம்மாவுக்கு அப்போது நாற்பத்தைந்து வயதிருக்கும். புசல்லாவைப் பக்கத் தோட்டமொன்றில் கொழுந்து எடுத்தவள். புருஷன் செத்துப்போனான். மலையில் சறுக்கி விழுந்து இடது கை முறிந்தது. கை சரியாகக் கூடவில்லை. கூடையை நிறைக்க முடியாதவளுக்குத் தோட்டத்தில் என்ன வேலை? பேரை வெட்டிவிட்டார்கள். பேர் வெட்டினால் குடியிருக்கிற லயத்துக் காம்பராவும் போய்விடும். எங்கள் கல்லூரிக்கு வந்து ஒற்றைக் கையால் கூட்டிக்கொண்டு, படிக்கட்டுக்குக் கீழே தும்புத்தடி வைக்கிற அறையில் படுத்தாள். அந்த அறையும் கிரிக்கெட் மட்டை வைக்கத் தேவைப்படுகிறது, மாதக் கடைசிக்குள் காலி செய் என்று சொல்லியிருந்தார்கள். அவளுக்குப் போக இடமில்லை. இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்து என்ன, நான் வெறும் கிளாக்கர்.

ஸக்கியா அவளை ஆபீசுக்குக் கூட்டி வந்து பெருவிரலை மையில் ஒற்றிப் பதிவேட்டில் வைத்தாள். பாலம்மா தன் விரலைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள்.

"கிளாக்கரய்யா, எம்பேர பதிஞ்சிட்டீங்களா?"

"பதிஞ்சாச்சு."

"வெட்ட மாட்டீங்களே?"

"நீயா வந்து கேட்டாத்தான் வெட்டலாம். விதி அப்படி."

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதாள். அது சங்கமென்று அவளுக்குத் தெரியாது. தோட்டத்தில் வேலையாட்கள் பேர் பதிகிற செக்ரோல் மாதிரி ஏதோ ஒன்று என்று நினைத்தாள். நானும் விளக்கப் போகவில்லை.

குழுக் கூட்டத்தில் துரை பத்துப் பேரையும் வாசித்தார். பாதிக்கு மேல் கைநாட்டு. அவர் அதைக் கவனித்தாரோ இல்லையோ, சகோதரிகள் சங்கம் இல்லாத கல்லூரி அரைக் கல்லூரி என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார். ஏழு சகோதர சங்கங்களும் ஆட்சேபமில்லை என்று எழுதிக் கொடுத்தன. தேநீர் விருந்துக்குப் பத்துப் பெண்கள் வருவார்கள் என்று நம்பி எழுதியவர்கள் அவர்கள். விருந்து நாளில் எல்லாருக்கும் தேத்தண்ணி ஊற்றிய அதே எழுவர்தான் பிறகு சகோதரிகளாக உட்கார்ந்து குடித்தார்கள். பொடியன்மாரின் முகத்தைப் பார்க்க வேண்டுமே.

சங்கத்துக்குக் கொடுக்கக் காலியாக இருந்தது படிக்கட்டுக்குக் கீழே இருந்த அறைதான். கிரிக்கெட் மட்டை வேறிடம் போயிற்று. அறையைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் அங்கேயே வசிக்கலாம் என்று ஸக்கியா ஒரு தீர்மானம் போட்டாள். பாலம்மா பாயைச் சுருட்டவே வேண்டியிருக்கவில்லை.

கதவில் எழுத்துப் பலகை மாட்டிய அன்று வந்தது வேடிக்கை. பாலம்மா பலகையைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள்.

"திருநீறு, பொட்டு, சூலம். நம்ம மாரியம்மா இல்லையா இது? இத்தன நாளா எங்க தாயி இருந்த?"

நான் எழுத்துப் படத்தைப் பார்த்தேன், பலகையைப் பார்த்தேன். மூன்று கோடு, வட்டம், மூன்று முனை. அல்லாஹ்வே, அவள் சொன்னதில் ஒரு பிழையும் இல்லை. மறுநாளிலிருந்து பலகைக்கு மஞ்சள் தண்ணீர், குங்குமம், செவ்வரத்தம்பூ. தலைவி ஸக்கியா வெள்ளிக்கிழமை ஜும்ஆ நேரத்தில் ஓதிக்கொண்டிருப்பாள், வெளியே அவளுடைய சங்கத்துக்குச் சூடம் காட்டுவார்கள். துரை ஒருநாள் அதைக் கண்டு நின்றார். பழைய கிரேக்கர்கள்கூட இவ்வளவு மரியாதை காட்டியிருக்க மாட்டார்கள் என்று சொல்லித் தொப்பியைக் கழற்றினார்.

தோட்டத்தில் விடியற்காலையில் ஆட்களை வரிசையில் நிறுத்திப் பேர் கூப்பிடுவதைப் பெரட்டு என்பார்கள். பாலம்மா சங்கத்திலும் பெரட்டு வைத்தாள். தினமும் காலையில் ஆபீஸ் வாசலில் வந்து நிற்பாள். நான் பேர் கூப்பிட்டு அடையாளம் போட்டால்தான் கூட்டப் போவாள். நாடு முழுக்க வோட்டுக்குப் பேர் பதிந்த காலம் அது. அந்தப் பட்டியலில் அவள் பேர் இல்லை. எங்கள் பட்டியலில் இருந்தது.

வருஷம் முடியப் போகும்போது சனியன் பிடித்தது. ஸக்கியாவும் மற்ற இரண்டு பிள்ளைகளும் பரீட்சை எழுதிவிட்டுப் போய்விட்டார்கள். போகும்போது ஸக்கியா தலைவி பதவியைப் பாலம்மாவிடம் கொடுத்தாள். புதிதாகப் பெண் பிள்ளைகள் யாரும் சேரவில்லை. எண்ணிக்கை ஏழு.

அதே நேரம் ராஜலிங்கம் என்ற பையன் ஒன்பதாவது சங்கத்துக்கு எழுதிக் கொடுத்தான். பெரிய கங்காணி மகன். பாலம்மாவின் பேரை வெட்டிய அதே தோட்டத்துக் கங்காணிதான் அப்பன். ஆள் பத்து, பணம் தாராளம், எழுத்து மட்டும் இல்லை. திருச்செல்வம் அவனுக்கு நல்ல வழிதான் சொன்னார்.

"தமிழிலை இருநூற்று நாற்பத்தேழு எழுத்துக் கிடக்கு. எண்பத்திரண்டு சங்கத்துக்குக் காணும். ஆய்த எழுத்து ஒண்டு மிஞ்சும், அதை ஒஃபிசுக்கு வைச்சிருக்கலாம்."

ராஜலிங்கத்துக்கு அவமானமாகப் போய்விட்டது. "ஙொ, ஞௌனு பேர் வச்சிக்கிட்டு நாங்க வெளிய போறதா சார்? எண்ணுற அன்னைக்கி அந்தக் கூட்டுறவ சங்கம் விழுந்துரும். அந்த எழுத்தக் குடுங்க" என்றான்.

இதைக் கேள்விப்பட்டுப் பாலம்மா என்னிடம் வந்தாள்.

"அப்பன் அங்க வெட்டுனாரு. மகன் இங்க வெட்ட வாறாரு. நான் என்னய்யா செஞ்சேன் அவங்களுக்கு?"

அவள் அழுதுகொண்டு நிற்கவில்லை. சீமையிலிருந்து அப்போதுதான் திரும்பியிருந்த துரைசாணியிடம் போய்ச் சூலத்தைக் காட்டி என்ன சொன்னாளோ, துரைசாணி சேர்ந்துவிட்டார். புதிதாக வந்த மேட்ரன் அம்மாவும் சேர்ந்தார். பத்தாவதாகக் கல்லூரித் தோட்டக்காரன் கறுப்பையாவின் பெண்சாதி. கணக்குச் சரி.

எண்ணுகிற நாள் வந்தது. அறைக்கு முன்னால் வரிசையாக நிறுத்தினோம். துரைசாணி தொப்பியில் செவ்வரத்தம்பூ. திருச்செல்வம் விரலை நீட்டி எண்ணினார். ஒன்பது. மறுபடி எண்ணினார். ஒன்பதுதான். கறுப்பையாவின் பெண்சாதியைக் காணவில்லை. அன்று காலையில் ராஜலிங்கத்தின் அப்பா கார் வந்து, கம்பளைச் சந்தை காட்டுகிறோம் என்று ஏற்றிக்கொண்டு போயிருந்தது. அவளைக் குறை சொல்ல மாட்டேன், காரில் ஏறக் கிடைத்தால் நானும் போயிருப்பேன்.

ராஜலிங்கம் தூணில் சாய்ந்து நின்றான். துரை கடிகாரத்தைப் பார்த்தார். பாலம்மா மடங்காத கையை மற்றக் கையால் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"வெட்டிருவாங்களாய்யா?"

எனக்கு எங்கிருந்து அந்தக் கோபம் வந்தது என்று தெரியாது. பேனையை மூடினேன். குறிப்புப் புத்தகத்தைத் திருச்செல்வத்தின் கையில் வைத்தேன். போய் மேட்ரன் அம்மாவுக்குப் பக்கத்தில் நின்றேன்.

"சார், இவரு ஆம்பள" என்றான் ராஜலிங்கம்.

"விதியை வாசிங்க" என்றேன். "வேலிக்குள் வசிக்கும் பத்துப் பேர். ஆபீசுக்குப் பின்னால படுக்கிறவன் நான். பொம்பிளை என்று எந்த இடத்தில் ஈக்கி?"

துரை வாசித்தார். மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மறுபடியும் வாசித்தார். தான் எழுதியதைப் பிழை என்று சொல்ல அவருக்கு மனம் வருமா? திருச்செல்வம் விரலை நீட்டினார்.

"பத்து. கணக்குச் சரி."

சனிக்கிழமை வீட்டுக்குப் போனபோது செய்தி எனக்கு முந்திக்கொண்டு போயிருந்தது. என் மனைவி ஹிதாயா கறியை இறக்கி வைத்துவிட்டு, "பதினெட்டு வருஷமா ஒங்களக் கட்டிட்டு ஈக்கிறேன். சொல்லவே இல்லையே" என்றாள்.

திங்கட்கிழமை காலையில் பெரட்டுக்குப் பாலம்மா முதலில் என் பேரைக் கூப்பிட்டாள். "நளீரு" என்றாள், அய்யா கிய்யா ஒன்றுமில்லை. சங்கத்தில் எல்லாரும் சமம். "ஈக்கிறேன் தாத்தா" என்றேன். எங்கள் பேச்சில் அக்காவைத் தாத்தா என்போம். அவளுக்குக் கோபம் வந்துவிட்டது.

"என்னப் போயி தாத்தாங்கிறீங்களே, எனக்கென்ன மீசையா மொளச்சிருக்கு?"

விளக்கிச் சொன்ன பிறகு வெகு நேரம் சிரித்தாள். ஆறு வருஷம் அவளை அப்படித்தான் கூப்பிட்டேன். எனக்குக் கூடப்பிறந்த அக்கா கிடையாது.

1937ஆம் வருஷம் மழைக் காலத்தில் நெஞ்சில் சளி கட்டி, அதே அறையில், பாலம்மா செத்துப்போனாள். நான் குழந்தைப் பிள்ளை மாதிரி அழுதேன். மறுநாள் காலையில் பெரட்டுக்கு அவள் பேரைக் கூப்பிட்டேன். குசினிப் பெண்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். நான் அடையாளம் போட்டுவிட்டு அடுத்த பேருக்குப் போனேன்.

துரை அப்போது சீமைக்குப் போய்விட்டார். புதிய பிரின்சிபல் காரியக்காரர். பதிவேட்டைப் புரட்டிப் பார்த்தார்.

"தலைவியே செத்துவிட்டாள். பேரை வெட்டிவிட்டு அறையைக் காலி செய்யும். சைக்கிள் நிறுத்த வேண்டும்" என்றார்.

அந்த அறையில் அப்போது சுப்பம்மா என்ற ஒருத்தி படுத்துக்கொண்டிருந்தாள். வேறொரு தோட்டத்தில் பேர் வெட்டப்பட்டு, கைக்குழந்தையோடு வந்தவள். பாலம்மாதான் போன வருஷம் தன் பாயில் இடம் கொடுத்திருந்தாள்.

நான் விதிப்புத்தகத்தை எடுத்து ஒன்பதாம் விதியில் விரலை வைத்தேன்.

"அவங்களா நேர்ல வந்து கேட்டா உடனே வெட்டுறேன் சேர்."

"செத்தவள் எப்படி ஐயா வருவாள்?"

"அது எனக்குத் தெரியாது சேர். வந்தா வெட்டுறேன்."

நான் வேலையை விட்டு வந்து இரண்டு வருஷமாகிறது. சுப்பம்மாவின் பிள்ளை அந்த அறை வாசலில் ஓடித் திரிகிறது. பாலம்மா தாத்தா இன்னும் வந்து கேட்கவில்லை.