தூக்கிக் கட்டிய வண்டி

பெரிய டயர் மாட்டித் தூக்கிவிட்ட, பின்பக்கம் திறந்த கெப் வண்டி ஒன்று ரோட்டில் போனால் இளவட்டங்கள் நின்று பார்ப்பார்கள். எனக்கு எரிச்சல்தான் வரும். அப்படியொரு வண்டியை நானே ஓட்டியவன். புளத்கொகுபிட்டிய பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் அப்போது நான் டிரைவர். அரசாங்கம் தோட்டங்களைக் கம்பெனிகளின் கையில் கொடுத்துச் சில வருஷங்கள் ஆகியிருந்தன.

ஆபிஸிலிருந்து மேல் டிவிசனில் தொழிலாளர் குடியிருக்கும் லயங்களுக்கு ஏறுவதைப் பாதை என்று சொன்னால் பாதைக்கே கேவலம். வெள்ளைக்காரன் காலத்தில் பதித்த கல்லெல்லாம் பெயர்ந்து, வண்டியின் வயிறு இடிக்கும் அளவுக்குப் பள்ளம் விழுந்திருந்தது. திரீவீல்காரர்கள் பெரிய கும்பிடாகப் போட்டுவிட்டார்கள். தோட்டத்துக் கெப் மட்டும் ஏறும். மழை பெய்தால் அதுவும் பாதி வழியில் நின்றுவிடும். நோயாளியைச் சாக்கில் வைத்துத் தூக்கிக்கொண்டு வண்டி நிற்கும் இடம்வரை இறங்கிவர வேண்டும். என் வீடும் மேல் டிவிசனில்தான் இருந்தது.

ஆனால் எங்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. மாரியம்மன் திருவிழாவுக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை, வீட்டுக்கு ஒருத்தர் வந்து பாதையில் கல் போட வேண்டும். சாமி ஊர்வலம் போவது இந்தக் கெப்பில்தான். சாமி சரிந்துவிட்டால் தோட்டத்துக்கே ஆகாது என்று பயந்து, சனம் பள்ளங்களை ஒழுங்காக நிரப்பிவிடும். அந்தக் கல் வருஷத்தில் பாதியாவது தாங்கும். கம்பெனி ஒரு கூடைக் கல் கொடுத்ததில்லை. சாமிக்காகப் போட்ட பாதையில்தான் நாங்களும் போய் வந்தோம்.

தொழிற்சங்கத் தலைவர் போய்த் தோட்டத்து மேனேஜரான துரையிடம் பாதை கேட்டார். துரை சிங்களவர், எங்கள் பேச்சை எங்களைப் போலவே பேசுவார்.

"ரோட்டுக்குக் கம்பெனி சல்லிக் காசு தராது, தலைவர். வண்டிய ஒசத்தித் தாறேன். வண்டி ஒசந்துட்டா பள்ளம் என்ன செய்யும்?"

தலைவருக்கு வாயெல்லாம் பல். வண்டியைக் குருவிட்டயில் ஒரு கராஜுக்குக் கொண்டுபோனேன். மாணிக்கக்கல் முதலாளிமாரின் வண்டிகளை உயர்த்திக் கொடுக்கிற இடம் அது. பின் அச்சுக்கும் ஸ்பிரிங்குக்கும் நடுவில் இரும்புக் கட்டை வைத்து, நீளமான யூ போல்ட் போட்டு முறுக்கினார்கள். ஸ்பிரிங்கில் கூடுதல் தகடுகளைச் சேர்த்தார்கள். புது டயர் உரசாமல் இருக்க மட்கார்டின் விளிம்பை வெட்டி எறிந்தார்கள். வேலை முடிந்ததும் கராஜ் மேஸ்திரி பாஸ் டயரை ஓர் உதை உதைத்து, "தென் ஓன தெனக யய்" என்றார். இனி எங்கே வேண்டுமானாலும் போகுமாம்.

திரும்பி வரும்போதே என் முதுகெலும்புக்கு விஷயம் தெரிந்துவிட்டது. சின்னக் கல்லில் ஏறினாலும் வண்டி துள்ளியது. "வெறும் வண்டி ரொம்ப அடிக்குதுங்க தொரை" என்று சொன்னேன். "பாரம் ஏத்தினா சரியாப்போகும்" என்றார். அவர் சொன்னது பொய்யில்லை. அதுதான் இன்னும் வயிற்றெரிச்சல்.

அந்த வருஷத் திருவிழாவில் சப்பரம், ஜெனரேட்டர், மேளக்காரர்கள், தொங்கிக்கொண்டு வந்த பொடியன்கள் எல்லாம் சேர்ந்து ஸ்பிரிங்கை நன்றாக அமுக்கிவிட்டார்கள். அம்மன் தலையில் வைத்த பூ அசையாமல் மேல் டிவிசனுக்குப் போய்ச் சேர்ந்தது. பெண்கள் டயருக்கு மஞ்சள் பூசிக் கும்பிட்டார்கள். கல் போடுவதற்கென்று உடைத்துப் பாதையோரம் குவித்ததை அந்த முறை யாரும் தொடவில்லை.

"சாமியே ஆடாம அசையாம போயிருச்சு. இனி எவன் கல்லு சொமப்பான்?" என்றார் தலைவர். எல்லோரும் சிரித்தார்கள். சாமிக்கு இடுப்பு வலிக்காது என்பதை ஒருத்தரும் யோசிக்கவில்லை.

அடுத்த வருஷமும் கல் போடவில்லை. மழை ஒரு பக்கம் தோண்டியது, எங்கள் பெரிய டயர் மறு பக்கம் தோண்டியது. தலைவர் மறுபடி பாதைப் பேச்சை எடுத்தபோது துரை ஜன்னல் வழியாக வண்டியைக் காட்டினார்.

"வண்டி போகுதுதானே?"

தலைவர் திரும்பி வந்துவிட்டார்.

அப்போது என் மனைவி உண்டாகியிருந்தாள். கல்யாணமாகி வெகுகாலம் கழித்து வயிற்றில் தங்கிய பிள்ளை. நாள் இன்னும் இருக்கும்போதே ஒரு பகலில் வலி வந்து, இரத்தமும் பட்டது. தோட்டத்து டாக்டர் ஐயா பார்த்துவிட்டு, படுக்கவைத்து உடனே கேகாலை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொன்னார். கெப்பின் பின்னால் மெத்தையைப் போட்டோம். முன்பென்றால் பின்பலகையில் உட்காரவைத்து மெல்ல நகர்த்திவிடலாம். இப்போது அது நெஞ்சு உயரத்தில் இருந்தது. ஆண்கள் சேர்ந்து தூக்கித்தான் ஏற்றினார்கள். அவளுடைய அக்கா கூட ஏறிக்கொண்டார்.

முதல் பள்ளத்திலேயே அவள் அலறியது எனக்குக் கேட்டது. எவ்வளவு மெதுவாக ஓட்டினாலும் வண்டி துள்ளியது. அக்கா கெபினின் கூரையில் அடித்தார்.

"தம்பி, நிப்பாட்டுங்க! இவ தாங்க மாட்டா!"

இறங்கி ஓடினேன். அவள் என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். "ஏங்க, என்னைய எறக்கி விடுங்க. நடந்தே வாறேன்."

நடக்கிற நிலையிலா இருந்தாள்? சாக்கில் தூக்கிப்போகவும் கேகாலை கிட்டத்தில் இல்லை. சாமிக்கு அசையாத வண்டி இவளுக்கு ஏன் துள்ளுகிறது என்று எனக்குத் தெரியும். சாமியோடு போன பாரம் இவளிடம் இல்லை. பாதையோரம் பார்த்தேன். திருவிழாவுக்கு உடைத்துப் போடாமல் விட்ட கல் புல் மூடிக் கிடந்தது.

"கல்ல அள்ளிப் போடுங்கடா!" என்று கத்தினேன்.

தூக்கி ஏற்றிவிட்டுப் பின்னாலேயே நடந்து வந்தவர்கள் கையாலும் சாக்காலும் அள்ளினார்கள். அவளைச் சுற்றி மெத்தையோரமெல்லாம் கல் நிறைந்தது. அக்கா அவள் முகத்தில் தூசு படாமல் சேலையால் மூடிக்கொண்டிருந்தார். ஸ்பிரிங் அமுங்கும்வரை அள்ள வேண்டியிருந்தது. அதற்கு எவ்வளவு நேரம் போனதோ, எனக்கு ஒரு யுகமாக இருந்தது. அதற்குப் பிறகு வண்டி சாதுவாக இறங்கியது.

ஆஸ்பத்திரியில் டாக்டர் வெளியே வந்து, தாய் தப்பிவிட்டாள் என்று சிங்களத்தில் சொன்னார். பிறகு, "டிக்கக் கலின் கெனாவா நம்..." என்று இழுத்தார். கொஞ்சம் முன்னால் கொண்டுவந்திருந்தால். பிள்ளை தப்பவில்லை. ஆண் பிள்ளை.

மனைவியை வாட்டில் விட்டுவிட்டு, மறுநாள் காலை பிள்ளையை வாங்கிக்கொண்டு வந்தோம். அக்கா முன் சீட்டில் உட்கார்ந்து வெள்ளைத் துணியில் சுற்றி மடியில் வைத்திருந்தார். பின்னால் கல்லை இறக்க எனக்குத் தோன்றவில்லை. ரப்பர் ஸ்டோருக்குப் பக்கத்தில் துரை நின்றுகொண்டிருந்தார். கையைக் காட்டி நிறுத்தினார். என்ன நடந்ததென்று அவருக்கு யாரும் இன்னும் சொல்லியிருக்கவில்லை.

"இப்ப நல்லா வருதே, டிரைவர். அடிக்கிறது இல்லையே?"

"இல்லைங்க தொரை. பின்னால கல்லு இருக்கு."

அக்கா மடியிலிருந்த துணியை விலக்கி அவருக்குக் காட்டினார். அவர் பின்வாங்கி வழிவிட்டார். லயத்துக்குப் போய்ச் சேரும்வரை வண்டி ஒரு தடவைகூடக் குலுங்கவில்லை.