ஏலம் நிக்கிற நேரம்

"நீ எண்ணிக் குடு, போதும். யோசிக்கிறதுக்கு நாங்க இருக்கோம்."

ஷ்ரவண் இதைச் சொன்னது செங்கல்பட்டு ஆபீஸ்ல, எட்டுப் பேர் முன்னால. கேட்டுக்கிட்டு நின்னவ வினிதா. ஊரே பாக்க இவன் மூக்கை அறுக்கல, நான் காத்தவராயன் பொண்ணு இல்லன்னு மனசுக்குள்ள சபதம் போட்டா.

விஷயம் இதுதான். திருவிடந்தை பக்கத்துக் குப்பத்துல மீன் ஏலக்கூடம் கட்டப் போறாங்க. எத்தனை மேடை வேணும்னு கணக்குப் போட்டுத் தர்ற வேலை இவங்க கம்பெனிக்கு. வினிதா அதே குப்பத்துக்காரி. அப்பா கடலுக்குப் போறவர், அம்மா குப்பம்மா ஏலத்துல மீன் எடுத்து விக்கிறவ. பதினஞ்சு நாள் கரையில நின்னு, கடலுக்குப் போன போட்டு எப்ப கரைக்கு வருது, ஏலம் எவ்வளவு நேரம் நடக்குதுன்னு குறிச்சவ இவதான். நடுவுல ஏலம் நின்னுபோன நேரத்தையும் விடாம குறிச்சிருந்தா. ஷ்ரவண் அந்த வரிகளை மொத்தமா அழிச்சான். "இது டேட்டா இல்ல, சோம்பேறித்தனம்"னான். "இல்ல சார், அது..."ன்னு அவ இழுத்தப்பதான் 'எண்ணிக் குடு, போதும்'ங்கிற அந்த வார்த்தை வந்து விழுந்துது.

சோம்பேறித்தனமாம்ல! அலையில ஒரு போட்டு வந்துட்டா, கரையில இருக்கிற அத்தனை பேரும் ஏலத்தை அப்படியே போட்டுட்டு ஓடிப்போய், அது கவுந்துடாம கரைக்குத் தள்ளணும். ஏலம் கூவுறவரும்தான். அது குப்பத்துக் கட்டுப்பாடு. வராதவன் போட்டை மறுநாள் எவனும் தொடமாட்டான்.

இந்த மாதிரி வரிசையில காத்துக் கிடக்கிற கூட்டத்தைக் கம்ப்யூட்டர்ல ஓட்டிப் பாக்கிறதுக்கே ஜி.பி.எஸ்.எஸ்.னு ஒரு மொழி இருக்கு. ஆபீஸ்ல அது தெரிஞ்சவன் ஷ்ரவண் ஒருத்தன்தான், அந்தத் திமிருதான் அவனுக்கு. வினிதா அதைத் திருப்போரூர் பஸ்ல தொங்கிக்கிட்டே போன்ல படிச்சா. வரிசையில நிக்க ஒரு கட்டளை, மேடையைப் பிடிக்க ஒண்ணு, விட ஒண்ணு. வீட்டுல லேப்டாப்ல ஓட்டுன முதல் தடவை, விடச் சொல்ற வரியை எழுத மறந்துட்டா. முதல் போட்டு மேடையை விட்டு நகரவேயில்ல, பின்னாடி நானூறு போட்டு குவிஞ்சு நின்னுது.

"இன்னாடி, சோறு துன்னாம அந்தப் பொட்டியவே மொறச்சிகினு கீற? யார் மேல கோவம்?"ன்னா குப்பம்மா.

"ஆபீஸ்ல ஒருத்தன் மேல."

"நேரா போய் நாலு வார்த்த கேளேன்?"

"அவன் பாஷையிலயே கேக்கணும்மா."

மூணாம் மாசம் ஒரு கட்டளை கண்ணுல பட்டுது. நடக்கிற வேலையைப் பாதியில நிறுத்து, அவசரக்காரனை உள்ள விடு, அப்புறம் விட்ட இடத்துலேர்ந்து தொடங்கு. அட, இது நம்ம கரையாச்சே! பஸ்னு பாக்காம வாய்விட்டுச் சிரிச்சா. அவன் அழிச்ச வரிகளைத் திரும்பச் சேத்து ஓட்டினா. ஷ்ரவண் தன் கணக்குல சொல்லியிருந்த ரெண்டு மேடையில கடைசி மீன் ரெண்டு மணி நேரம் வெயில்ல காஞ்சுது. நாலு மேடை வேணும்.

இந்தக் கணக்கை அதிகாரிங்ககிட்ட காட்டுற கூட்டத்துக்கு இன்னும் மூணு வாரம் இருந்துது. ஷ்ரவண்கிட்ட அன்னைக்கே சொல்லியிருக்கலாம். சொல்லல. தினமும் "குட் மார்னிங் சார்"னு சிரிச்சுட்டுப் போய் உக்காந்தா. அந்த மூணு வாரம் அவளுக்குச் சோறு நல்லா இறங்குச்சு.

கூட்டத்துல அதிகாரிங்க முன்வரிசை, பின்னால குப்பமே உக்காந்திருந்துது. "ரெண்டு மேடை தாராளம்"னு ஷ்ரவண் முடிச்சான். வினிதா எழுந்தா.

"சார், போட்டு வந்தா ஏலம் நிக்குமே, அது உங்க கணக்குல எங்க இருக்கு?"

"அது... அது சின்ன இடைவேளை..."

"இடைவேளையா!"ன்னு காத்தவராயன் குரல் கொடுத்தார். "அலையில போட்டு கவுந்தா நீயா வந்து தூக்குவ, நைனா?"

சிரிப்பு அடங்க நேரமாச்சு. பெரிய அதிகாரி வினிதாவோட கணக்கை ஓட்டச் சொன்னார். ரெண்டு தடவை பாத்துட்டு நாலு மேடைன்னு எழுதிக்கிட்டார்.

வெளியில ஷ்ரவண் முகம் செத்துப்போய் நின்னான்.

"எப்ப கண்டுபிடிச்ச?"

"மூணு வாரம் ஆச்சு சார்."

"எங்கிட்ட முன்னாடியே சொல்லியிருக்கலாமே, வினிதா?"

"சொல்லியிருந்தா, உங்களுக்கு மட்டும்தானே சார் தெரிஞ்சிருக்கும்?"