பெரியம்மா ஏறாத வண்டி

எங்கள் தெருவில் கேரவன் வந்து நின்ற அன்று, உள்ளே எந்த நடிகர் இருக்கிறார் என்று கேட்டுக்கொண்டு பாதி வாலிகண்டபுரம் கூடிவிட்டது. ஜீப்பிலிருந்து லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கியவர் என் பெரியப்பா. பின்னால் கோத்திருந்த பெட்டியின் கதவை அவர் திறந்து காட்ட, உள்ளே இரண்டு படுக்கையும் ஒரு கேஸ் அடுப்பும் ஒரு திரையும்தான் இருந்தன. கூட்டம் ஏமாந்து கலைந்தது. நாலாவது படித்துக்கொண்டிருந்த எனக்கு மட்டும் நடிகர் இல்லாதது ஒரு குறையாகவே தெரியவில்லை. வீட்டுக்குச் சக்கரம் வைத்த பெரியப்பா வேறு யாருக்கு இருக்கிறார்?

அப்பாவுக்கு மூத்தவர் அவர். எங்கள் வீடும் அவர் வீடும் ஒட்டினாற்போல் இருந்தன. முப்பது வருஷம் லாரி ஓட்டியவர். அரியலூரில் சிமெண்ட் ஏற்றிக்கொண்டு கேரளா, கர்நாடகா என்று போவார். அங்கே எது கிடைக்கிறதோ அதை ஏற்றிக்கொண்டு இன்னும் மேலே போவார். ஊரில் இருக்கும் நாட்களிலும் விருந்தாளி மாதிரிதான் இருப்பார். உப்பு எந்த டப்பாவில் இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. முதுகெலும்பு தேய்ந்துவிட்டது, இனி லாரி கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொன்ன பிறகுதான் வீடு வந்து சேர்ந்தார். ஜீப்பைப் பற்றி டாக்டர் ஒன்றும் சொல்லவில்லை என்பது அவர் கட்சி.

வந்தவருக்கு வீட்டில் தூக்கம் பிடிக்கவில்லை. நாலு சுவருக்குள் மூச்சு முட்டுகிறது என்றார். பெரம்பலூர் நாலு ரோட்டுப் பக்கம் லாரிக்கு பாடி கட்டுகிற ஒர்க்‌ஷாப் ஒன்றில் போய் உட்கார்ந்துகொண்டு, வாயால் சொல்லிச் சொல்லியே அந்தப் பெட்டியைக் கட்டி வாங்கினார். எப்போதோ கோவா போகிற வழியில் ஒரு வெள்ளைக்காரத் தம்பதியைப் பார்த்திருக்கிறார். இதே மாதிரி வண்டியை ரோட்டோரம் புளியமரத்தடியில் நிறுத்திவிட்டு, இரண்டு மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்களாம். புருஷன் டீ போட்டுக் கொடுக்க, அந்த அம்மா புத்தகம் படித்துக்கொண்டே வாங்கிக் குடித்ததாம். எங்களுக்கு மனப்பாடம் ஆகிற அளவுக்கு இதைச் சொல்லியிருக்கிறார். அவரும் இரண்டு மடக்கு நாற்காலி வாங்கியிருந்தார்.

அதில் ஒன்று பெரியம்மாவுக்கு. சிக்கலே அங்கேதான். பெரியம்மா அந்தப் பெட்டிக்குள் கால் வைக்க மாட்டேன் என்றுவிட்டார்.

லாரி இருந்த காலத்தில் அதை அவர் மூத்தாள் என்றுதான் சொல்வார். லாரி பழுதாகிப் பெரியப்பா இரண்டு நாள் கூடுதலாகத் தங்கினால், உங்க மூத்தாளுக்கு மேலுக்கு முடியலியா என்று விசாரிப்பார். இந்தப் பெட்டி வந்ததும் என் அம்மாவிடம், "மூத்தாள் போயிட்டா, அவ தங்கச்சியக் கூட்டியாந்துட்டாரு" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் ஏறவில்லை. கேட்டால் மாட்டை யார் பார்ப்பது என்பார், மக்காச்சோளத்துக்கு யார் தண்ணி கட்டுவது என்பார். கொஞ்சம் நெருக்கினால், அடுப்பையும் கக்கூஸையும் அடுத்தடுத்து வைத்து நடுவில் ஒரு திரையைத் தொங்கவிட்டிருக்கும் அழகைச் சொல்லி வாயை அடைத்துவிடுவார்.

இது வீடுதான், பால் காய்ச்சிக் குடிபோக வேண்டும் என்றார் பெரியப்பா. இது வண்டிதான், எலுமிச்சம்பழம் நசுக்கினால் போதும் என்றார் பெரியம்மா. வழக்கு எங்கள் வீட்டுக்கு வந்தது. என் அப்பா அண்ணன் பக்கமும் பேச முடியாமல், அண்ணி பக்கமும் பேச முடியாமல், சட்டையை மாட்டிக்கொண்டு டீக்கடைக்குப் போய்விட்டார். கடைசியில் பெரியம்மா கட்சிதான் ஜெயித்தது. திங்களும் வெள்ளியும் மட்டுமே நடை திறக்கிற சிறுவாச்சூர் அம்மன் கோயிலுக்கு ஒரு வெள்ளிக்கிழமையாகப் பார்த்துக் கொண்டுபோய், சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்துப் பூசை போட்டார்கள். அதற்கும் பெரியம்மா பஸ்ஸில்தான் வந்தார். கேரவன் முன்னால் போக, கேரவன் வீட்டுக்காரம்மா பின்னால் டவுன் பஸ்ஸில் நின்றுகொண்டு வந்த கதை ஊரில் வெகு நாள் ஓடியது.

பெரியம்மாவைப் பற்றி இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். லாரி எப்போதும் வாசலுக்கு நேரேதான் நிற்கும். பெரியப்பா கிளம்புகிற அன்று, விடியும் முன்பே பெரியம்மா எழுந்து வாசல் தெளித்து, மற்ற நாளைவிடப் பெரிய கோலமாகப் போடுவார். வண்டி திரும்ப வேண்டுமென்றால் அதன்மேல் ஏறித்தான் திரும்ப வேண்டும். நான் போன பிறகு போடேன் என்று பெரியப்பா சொல்லிப் பார்ப்பார். ஊருக்குப் போகிறவர் கிளம்பிய பிறகு வாசல் கூட்டித் தெளிக்கலாமா? கூடாது. அதனால் கோலம் முதலில், லாரி பிறகு. பெரியம்மா பின்னால் நின்று கைகாட்டிச் சொல்ல, லாரி பின்வாங்கி, கோலத்தில் டயர் தடம் பதித்துவிட்டுப் போகும். அந்தத் தடத்தைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் நிற்பார். அன்று முழுக்க அந்த வாசலில் துடைப்பம் படாது. பாண்டி ஆடுகிறேன் என்று நான் அதில் கால் வைத்து ஒருமுறை முதுகில் வாங்கியிருக்கிறேன்.

கேரவன் அந்த வாசலின் ஓரமாக நிற்கத் தொடங்கியது. பெரியப்பா அதற்குள்ளேயே படுத்துக்கொண்டார். சாயங்காலமானால் இரண்டு நாற்காலியையும் பிரித்துப் போடுவார். ஒன்றில் அவர் உட்காருவார். மற்றதில் கடைக்காரன் சுற்றிக் கொடுத்த பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கவில்லை. ஒருநாள் நான் அதில் உட்காரப் போனேன்.

"அது பெரியம்மாவுது பாப்பா" என்றார்.

பெரியம்மா வாசற்படியில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். காதில் விழாத மாதிரி ஆய்ந்துகொண்டே இருந்தார்.

இப்படியிருக்க, பைபாஸில் பரோட்டா கடை போட வேண்டும் என்று ஒருவர் அந்த வண்டியை விலைக்குக் கேட்டு வந்தார். பெரியப்பா அவரை அனுப்பிவிட்டு என் அப்பாவிடம் வந்து உட்கார்ந்தார். "ஆடி போவட்டும்டா. அதுக்குள்ள அவ ஏறலன்னா குடுத்துடறேன். தனியாப் போறதுக்கு எனக்கு எதுக்கு இது? முப்பது வருசம் தனியாத்தான போனேன்" என்றார். துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பெரியவர்கள் வண்டிக்காக அழுவார்களா என்று எனக்கு ஒரே ஆச்சரியம்.

அம்மா இதை ஒன்று விடாமல் பெரியம்மாவிடம் சொன்னார். பெரியம்மா மாட்டுக்குத் தவிடு கலக்கிக்கொண்டிருந்தார். "வூட்டுக்கு வந்துட்டாருன்னு நெனச்சேன். வூட்டையே வண்டியாக்கிட்டாரு பாத்தியா" என்றார்.

ஆடி முடிய இருந்த நேரத்தில் கொள்ளிடத்தில் இரு கரையும் தொட்டுத் தண்ணீர் போகிறது என்று டிவியில் காட்டினார்கள். தண்ணீர் வந்தபோதெல்லாம் பெரியப்பா கொள்ளிடப் பாலத்தில் லாரி ஓட்டிப்போய் வந்து வர்ணித்ததுண்டு. பெரியம்மா ஒரு தடவையும் பார்த்ததில்லை. மறுநாள் காலையில் அவர் ஒயர் கூடையோடு எங்கள் வாசலில் வந்து நின்றார். அம்மாவிடம் மாட்டை ஒப்படைத்தார். என்னைப் பார்த்து, "கொள்ளிடம் பாக்கப் போறோம், கௌம்பு" என்றார். கேரவனில் எங்காவது போக வேண்டும் என்று நீண்ட நாளாக நான் நச்சரித்துக்கொண்டிருந்தேன். ஆகவே எனக்காகத்தான் மனம் இரங்கினார் என்று எடுத்துக்கொண்டு, பல வருஷம் அந்தப் பெருமையிலேயே இருந்தேன்.

நிபந்தனைகள் இருந்தன. ஜீப்பில்தான் வருவார், பெட்டிக்குள் ஏற மாட்டார். சமையல் வெளியே. படுக்கை ஜீப்பிலேயே. பெரியப்பா எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினார். தின்பண்டம் இருக்கும் என்று நான் கூடையைக் கிளறினேன். மேலாக இருந்த டப்பாவைத் திறந்தால் கோலமாவு. இதை எதற்குத் தூக்கிக்கொண்டு வருகிறார் என்று எரிச்சலாக வந்தது.

பெரம்பலூரைத் தாண்டி அரியலூர் ரோட்டில் சிமெண்ட் லாரிகள் எதிரே வந்துகொண்டே இருந்தன. டிரைவர்கள் பெரியப்பாவை அடையாளம் கண்டு ஹாரன் அடித்தார்கள். ஒருவர் வண்டியை நிறுத்தியே விட்டார். "என்னண்ணே, அண்ணியுமா!" என்று அவர் கத்தியதும் பெரியம்மா முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு நேராகப் பார்த்தார். காதோரம் சிவந்திருந்தது. பெரியப்பா அதற்குப் பிறகு தேவையில்லாத இடத்திலெல்லாம் ஹாரன் அடித்தார்.

திருமழபாடியில் ஆற்றங்கரை மேட்டில், மரத்தடியில் இடம் பார்த்தார். அங்கேதான் அவர் மானம் போனது. லாரியை எத்தனையோ சந்துகளில் நுழைத்தவருக்கு இந்தப் பெட்டியைப் பின்னால் தள்ள வரவில்லை. ஜீப்பை ஒரு பக்கம் ஒடித்தால் பெட்டி மறுபக்கம் போனது. ஆடு மேய்த்துக்கொண்டிருந்தவர்கள் நின்று வேடிக்கை பார்த்தார்கள். பெரியம்மா பெருமூச்சு விட்டுக்கொண்டு இறங்கி, பழைய வழக்கப்படி பின்னால் போய் நின்றார்.

"எல்லாத்தையும் எதிர்ப்பக்கமா ஒடிங்க... வரட்டும்... வரட்டும்... இன்னுங் கொஞ்சம்... போதும், நிறுத்துங்க!"

பெட்டி அளவெடுத்த மாதிரி மரத்தடியில் நின்றது. பெரியப்பா எங்களைப் பார்க்காமல் டயரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தண்ணீர் பழுப்பாக, சத்தமில்லாமல், அகலமாகப் போய்க்கொண்டிருந்தது. பெரியம்மா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு பார்த்தார். பிறகு நிபந்தனைப்படி கேஸ் அடுப்பை வெளியே எடுத்து வைத்து டீக்குப் பாலைக் காய்ச்சத் தொடங்கினார். பால் சூடேறுகிற நேரத்தில் சடசடவென்று மழை பிடித்துக்கொண்டது. "ஐயோ பாலு!" என்று பெரியம்மா பாத்திரத்தைத் துணியால் பிடித்துத் தூக்கினார், பெரியப்பா அடுப்பைத் தூக்கினார், மூன்று பேரும் முட்டி மோதிக்கொண்டு பெட்டிக்குள் ஏறினோம். கக்கூஸ் திரைக்குப் பக்கத்தில், அடுப்பு அதன் இடத்தில் போய் உட்கார்ந்தது. பெரியம்மா பாலை வைத்து, ஈரத் தலையைத் துவட்டத் திரும்பினார். அதற்குள் பொங்கிவிட்டது.

"பொங்கிடுச்சு" என்றார் பெரியப்பா. யாரிடமோ ரகசியம் சொல்கிற மாதிரி சொன்னார்.

"தொடைக்கத் துணி எங்க வச்சிருக்கீங்க?" என்றார் பெரியம்மா.

"எந்தப் பக்கம் பொங்குச்சு, கெழக்கதான?"

கொள்ளிடம் ஓடுகிற திசையை வைத்து நான் கணக்குப் போட்டு, மேற்கே பொங்கிவிட்டது என்று சொன்னேன். பள்ளிக்கூடத்தில் அப்போதுதான் திசைகள் நடத்தியிருந்தார்கள்.

"அதுக்கென்ன, காலையில வண்டியத் திருப்பி நிறுத்திட்டா கெழக்கு ஆயிடும்" என்றார் பெரியப்பா.

பெரியம்மா சிரிக்காமல் இருக்கப் பார்த்தார். முடியவில்லை. கண்ணில் தண்ணீர் வருகிற மட்டும் சிரித்தார். மழை விட்ட பிறகும் அவர் இறங்கவில்லை. ஜீப்பில் படுப்பது பற்றி யாரும் ஞாபகப்படுத்தவுமில்லை.

காலையில் நான் கண்விழித்தபோது கதவு திறந்திருந்தது. படிக்குக் கீழே ஆற்றுத் தண்ணீர் தெளித்து, சருகெல்லாம் கூட்டி ஒதுக்கி, ஈர மண்ணில் பெரிய கோலம் ஒன்று இருந்தது. லாரி கிளம்பும் நாளில் போடுகிற அளவு. அப்பால் இரண்டு நாற்காலிகள். பிளாஸ்டிக் உறை சுருட்டிக் கீழே கிடந்தது. பெரியப்பா போட்ட டீயைப் பெரியம்மா குடித்துக்கொண்டிருந்தார். கையில் புத்தகம் இல்லை. கொள்ளிடத்தைப் பார்த்துக்கொண்டு குடித்தார். சர்க்கரை தூக்கல் என்று குறையும் சொன்னார். பெரியப்பா அதைப் பாராட்டுப் பத்திரம் மாதிரி வாங்கிக்கொண்டார்.

கிளம்பும்போதுதான் கோலம் குறுக்கே நிற்பது தெரிந்தது. மரத்தடியிலிருந்து வெளியே வர ஒரு பக்கம்தான் வழி, கதவும் கோலமும் அந்தப் பக்கம்தான். பெரியப்பா சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார்.

"ஒதுக்கி எடுக்க முடியாது போலருக்கே. பின்னாடி நின்னு சொல்றியா?"

பெரியம்மா ஜீப்பின் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்து, புடவையைச் சரி செய்துகொண்டார்.

"நான் ஏறிட்டேன். நீங்களே பாத்து எடுங்க."

பெரியப்பா வண்டியை எடுத்தார். முட்டையின்மேல் ஏற்றுகிறவர் மாதிரி மெதுவாக எடுத்தார். ஜீப் விலகி வந்துவிட்டது. பின்னால் வந்த பெட்டியின் சக்கரம் கோலத்தின் நடுவே ஏறி இறங்கியது. பெரியம்மா வெளியே தலையை நீட்டி எட்டிப் பார்த்தார். யாருமில்லாத அந்த மேட்டில் கோலம், குறுக்கே டயர் தடம். இதைத் தவிர அங்கே ஒன்றுமில்லை.

"இன்னைக்கு யாரும் அதக் கூட்டிட மாட்டாங்கல்ல?" என்றார்.

அந்தக் காட்டில் யார் வந்து கூட்டப்போகிறார்கள் என்று நான் கேட்டேன். பெரியம்மா வளைவு திரும்பி அது மறையும்வரை பார்த்துக்கொண்டே வந்தார். முகம் சிரித்துக்கொண்டிருந்தது, கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. பரோட்டா கடைக்காரர் இனி வேறு வண்டிதான் பார்க்க வேண்டும் என்பதுகூட எனக்கு அப்போது உறைக்கவில்லை. பாவம், கஷ்டப்பட்டுப் போட்ட கோலம் கெட்டுப்போய்விட்டதே என்றுதான் தோன்றியது.

அவர் கையைப் பிடித்துக்கொண்டு, வீட்டுக்குப் போய் வேறு கோலம் போட்டுக்கொள்ளலாம் பெரியம்மா, அழாதீங்க என்று ஆறுதல் சொன்னேன்.