காட்டு வரியும் ஏப்ரல் வெடிகளும்

டென்மார்க்கில் ஹொல்ஸ்டெப்ரோ நகருக்கு வெளியே நாங்கள் வாங்கிய வீட்டோடு சிறிய காடும் வந்தது. ஒரு டெனிஷ்காரர் அதைக் குத்தகைக்கு எடுத்து மான் வேட்டையாடுகிறார். வேட்டை நிலமாக அதற்கு வரி போடுவதற்கு, எந்தெந்த நாட்களில் வேட்டை நடந்தது என்று வரி அலுவலகம் கேட்டிருந்தது. எனக்கு அது சிரமமில்லை. யாழ்ப்பாணத்தில் போர் நாட்களில் ஷெல் விழுந்த நேரத்தையும் திசையையும் எழுதிப் பழகியவன் நான். இங்கும் கேட்கும் ஒவ்வொரு துவக்கு வெடியையும் அப்படியே நாட்குறிப்பில் எழுதி வருகிறேன்.

நான் தயாரித்த பட்டியலை வேட்டைக்காரர் வாசித்தார்.

"ஏப்ரலில் ஒன்பது வெடியா? ஏப்ரலில் நான் துவக்கைத் தொடுவதே இல்லை. வேறு யாரும் இங்கே வருவதுமில்லை."

வீட்டுக்கு வந்து மனைவியிடம் கேட்டேன்.

"நீங்கள் இரவில எழும்பி யன்னலடியில நிண்டதுதான் எனக்குத் தெரியும். வெடி ஒண்டும் கேக்கேல்லை" என்றாள். பிறகு சிரித்தாள். "உங்கட காதுக்குள்ள கேட்டதுக்கும் வரி கட்டப் போறியளோ?"

நாட்குறிப்பைத் திரும்பப் பார்த்தேன். காடு வீட்டுக்கு வடக்கே இருக்கிறது. அந்த ஒன்பது வெடிகளுக்கும் நான் தெற்கு என்று எழுதியிருந்தேன், யாழ்ப்பாணத்தில் எங்கள் வீட்டுக்கு ஷெல் வந்த திசை.

அவற்றை நீக்கிவிட்டுப் பட்டியலை அனுப்பினேன். நாட்குறிப்பில் மட்டும் என்னால் வெட்ட முடியவில்லை. எனக்கு அவை கேட்டன.